இருமொழி இதழ்களும் கடல் கடந்த தமிழரும்: நேட்டால், இலங்கை, அந்தமான்

இருமொழி இதழைப் பாலம் என உருவகித்துக் கூறுவது இதழியல் வரலாற்று நூல்களில் ஒரு வழக்காகிவிட்டது. தாயகத்தில் இருப்போரையும் கடல் கடந்து சென்றோரையும் அது இணைக்கின்றது என்பதும், ஒரே செய்தியை இரு மொழிகளில் தருவதால் இரு சாராரும் ஒரே கருத்துலகில் நிற்கின்றனர் என்பதும் பொதுவாகக் கூறப்படுவன. தமிழர் குடியேறிய நாடுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் வெளிவந்த தமிழ்-ஆங்கில இதழ்களை ஊன்றி நோக்குமிடத்து இவ்வுருவகம் முழுமையாகப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. அவற்றின் ஆங்கிலப் பத்தி ஆள்வோரை நோக்கிப் பேசியது. தமிழ்ப் பத்தி உற்றாரை நோக்கிப் பேசியது. ஒரே தாளில் அடுத்தடுத்து அச்சிடப்பெற்றிருப்பினும் அவை இரண்டும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றொன்று அமைந்தவை அல்ல. நெருக்கடி நேர்ந்தபொழுது இவ்விரண்டனுள் கைவிடப்பட்டது எது, அதனால் விளைந்தது யாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

தமிழில் இருமொழி இதழ் புலம்பெயர்ந்தோரிடத்துத் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1841 சனவரி 7ஆம் நாள் தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமும் கலந்தே வெளிவந்தது. சமயப் பரப்புரையும் மேலை அறிவியலும் அதன் உள்ளடக்கங்கள். ஆங்கிலம் கற்றுவரும் இளைஞர் அதன் வாசகர். இதற்கு எதிர்நிலையில் சைவ பரிபாலன சபையார் 1889இல் தொடங்கிய இந்து சாதனமும் ஆங்கிலப் பகுதியாகிய இந்து ஆர்கனுடன் இணைந்தே நடந்தது. சமயத்தால் எதிரெதிர் நின்ற இரு சாராரும் இதழின் வடிவத்தில் ஒன்றுபட்டனர் என்பது கருதத்தக்கது. மலாய் நாட்டு இருப்புப்பாதை, நில அளவை, கருவூலம் முதலிய துறைகளில் எழுத்தராகச் சென்ற யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வடிவம் இயல்பாகவே பொருந்தியது. அவர் அலுவலகத்தில் ஆங்கிலமும் இல்லத்தில் தமிழும் வழங்கியவர். இரு பத்திகளையும் ஒருவரே படித்தார். இங்குப் பாலம் என்னும் உருவகம் ஓரளவு பொருந்தும். கரும்புத் தோட்டத்திற்கும் தேயிலைத் தோட்டத்திற்கும் சென்றவர் நிலை வேறு.

நேட்டாலில் இரு இதழ்கள்

1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டோர் ஏறத்தாழ 1,52,000 பேர். அவருள் மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியாகச் சென்றவர். ஆகவே நேட்டால் இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழரும் தெலுங்கருமே. ஆயினும் வணிகத்திலும் அரசியலிலும் முன்னின்றவர் குசராத்தியர். இந்த இடைவெளியை மனத்திற்கொள்ளாமல் அங்குத் தோன்றிய இதழ்களின் மொழிக்கொள்கையை விளங்கிக்கொள்ள இயலாது.

சென்னையிலிருந்து சென்ற பி. எஸ். ஐயர் 1898இல் இந்தியன் வேர்ல்டு என்னும் இதழைத் தொடங்கினார், அது நிலைக்கவில்லை. பின்னர் 1901 முதல் 1904 வரை கலோனியல் இந்தியன் நியூஸ், 1908இல் ஆப்பிரிக்கன் கிரானிக்கிள் எனத் தொடர்ந்து முயன்றார். இப்பின்னிரண்டும் ஆங்கிலமும் தமிழும் தாங்கி வந்தன. இடையில் 1903 சூன் மாதத்தில் டர்பனில் மதன்ஜித் வியவஹாரிக்கின் அச்சகத்திலிருந்து இந்தியன் ஒப்பீனியன் வெளிவரத் தொடங்கியது. மன்சுக்லால் நாசர் அதன் முதல் ஆசிரியர். காந்தியடிகள் அதன் உயிர்நாடி. ஆங்கிலம், குசராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் அது தொடங்கப்பெற்றது.

நான்கு மொழிகளும் நெடுநாள் நீடிக்கவில்லை. 1906இன் தொடக்கத்தில் தமிழ்ப் பகுதியும் இந்திப் பகுதியும் நிறுத்தப்பட்டன. இதற்குக் காரணங்களைக் காந்தியடிகளே பின்னாளில் தம் நூல்களில் எழுதியுள்ளார். பீனிக்ஸ் பண்ணையில் வந்து தங்கிப் பணிசெய்யத் தமிழ் அறிந்தவர் கிடைக்கவில்லை. எழுதுவோர் எழுதியதைச் சரிபார்க்கவும் வழியில்லை. பயன் தாராத பகுதிகளைப் பெயரளவிற்கு வைத்திருப்பது வாசகரை ஏமாற்றுவது போலாகும் என்பது அவர் கூறிய விளக்கத்தின் சாரம். இவ்விளக்கத்தின் நேர்மையை ஐயுற வேண்டுவதில்லை. அச்சுக்கோப்பின் அருமையை அறிந்தவர்க்கு அது நன்கு விளங்கும். உயிர்மெய் வரிசைகளும் கொம்பும் காலும் சேர்ந்த தமிழ் எழுத்துப்பெட்டியைக் கையாளச் சென்னை அச்சகங்களில் பழகியவரே வேண்டும். அத்தகையவர் ஊரை விட்டு நகர்ப்புறத்திற்கு வெளியேயுள்ள ஒரு பண்ணையில், சிறு ஊதியத்தில் வந்து தங்குதல் எளிதன்று.

ஆனால் காரணம் உண்மையானது என்பதனாலேயே விளைவு சிறியதாகிவிடாது. எண்ணிக்கையில் மிகுந்தோர் மொழி நீங்கி, பொருளில் மிகுந்தோர் மொழியும் ஆட்சிமொழியும் எஞ்சின. இதழின் உறுப்பினர் தொகை உச்ச நிலையிலும் 3,500 அளவினதே. அவ்வுறுப்பினருள் பெரும்பாலோர் கட்டணம் செலுத்தவல்ல வணிகராயிருந்தது வியப்பன்று. பயன் தாராத பகுதி என்னும் மதிப்பீடு உறுப்பினர் பட்டியலை நோக்கிச் செய்யப்பட்டது. கரும்பாலைக் குடியிருப்பில் ஒருவர் படிக்கப் பதின்மர் கேட்கும் வழக்கம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. தமிழ்ப் பத்தி விற்கவில்லை என்பதும் தமிழ்ப் பத்தி வேண்டப்படவில்லை என்பதும் ஒன்றல்ல. அன்றைய இதழாசிரியர் அவ்வேறுபாட்டைக் கருதியதாகத் தெரியவில்லை.

அது வெளிப்பட ஏழாண்டுகள் ஆயின. ஒப்பந்தக் காலம் முடிந்தும் நேட்டாலில் தங்கியோர்மீது ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரி விதிக்கும் சட்டம் 1895இல் இயற்றப்பட்டிருந்தது. இவ்வரியால் அழுந்தியோர் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமே; வணிகரை அது தொடவில்லை. அவ்வரியை எதிர்த்துப் பி. எஸ். ஐயர் தம் ஆப்பிரிக்கன் கிரானிக்கிளில் இடைவிடாது எழுதினார். 1911இல் அதற்கென ஒரு சங்கமும் கூட்டினார். 1913 அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, அதனை மூட்டியவர் தமிழ் பேசத் தெரிந்தவரே. திரான்சுவாலிலிருந்து வந்து சுரங்கக் குடியிருப்புகளில் வீடுவீடாகப் பேசிய மகளிருள் பெரும்பாலோர் தமிழர். அவர்களுடன் நின்ற தம்பி நாயுடு மொரீசியசில் பிறந்தவர். நவம்பர் 6ஆம் நாள் காந்தியடிகள் தலைமையில் எல்லை கடந்து நடந்த 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் இந்தியன் ஒப்பீனியனின் ஆங்கிலப் பத்தியையோ குசராத்திப் பத்தியையோ படித்து நடந்தவர் அல்லர். அவர்களை எட்டியது வாய்மொழித் தமிழ். அவ்வாண்டின் இறுதியையொட்டி இந்தியன் ஒப்பீனியனில் தமிழும் இந்தியும் மீண்டும் தலைகாட்டின. அடுத்த ஆண்டில் மீண்டும் மறைந்தன. போராட்டம் நடந்தபொழுது தமிழ் வேண்டியிருந்தது; உடன்பாடு எழுதப்பட்டபொழுது அது வேண்டப்படவில்லை. 1914ஆம் ஆண்டுச் சட்டத்தால் மூன்று பவுன் வரி நீங்கியது.

காந்தியடிகள் சிறையிலிருந்தபொழுது தமிழ் பயின்றார் என்பதும், நாகப்பன், நாராயணசாமி, தில்லையாடி வள்ளியம்மை ஆகியோரை வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார் என்பதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கன. தனிமனிதரின் அன்பு குறைவுடையதன்று. இங்குக் குறையாகச் சுட்டப்படுவது ஓர் இதழின் அமைப்பில் ஒரு மொழிக்குத் தரப்பட்ட இடமே.

ஐயரின் இதழ்களை மதிப்பிடுவோர் காந்தியடிகளுடன் அவர் கொண்ட பூசலையே பெரிதாகக் காட்டுவர். பூசல் உண்மையே, ஐயரின் நடை கடுமையானது, சில வேளைகளில் தன்னை மறந்தும் எழுதினார். எனினும் தமிழ்ப் பத்தியைத் தாமே எழுதி, தாமே திருத்தி, பொருளிழப்பைத் தாங்கிப் பல்லாண்டு நடத்தியவர் அவர். பீனிக்ஸ் பண்ணைக்குக் கிடைக்காத தமிழாசிரியர் டர்பன் நகரிலேயே இருந்தார் என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று. இருவரும் ஒரே அச்சகத்தில் இணைந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்பது ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இங்கு ஆய்வுமுறை பற்றிய ஒரு கருத்தையும் கூறவேண்டியுள்ளது. தென்னாப்பிரிக்க இந்தியர் வரலாறு எழுதியோர் இவ்விதழ்களின் ஆங்கிலப் பகுதியையே பெரிதும் எடுத்தாண்டுள்ளனர். ஆங்கிலப் பகுதி ஆட்சியாளரையும் நீதிமன்றத்தையும் வெள்ளையர் இதழ்களையும் முன்னிறுத்தி எழுதப்பட்ட முறையீடு. முறையீட்டை மட்டும் படித்து ஒரு மக்களின் மனத்தை வரைவது, வழக்குரைஞரின் மனுவைப் படித்துக் கட்சிக்காரரின் குடும்பத்தை வருணிப்பது போன்றது.

ஒரு சொல், இரு பத்தி

இரு பத்திகளும் ஒன்றன் மொழிபெயர்ப்பு மற்றொன்று அன்று என்பதற்குச் சொற்களே சான்றாகும். தமிழில் கூலி என்பது உழைப்பிற்குப் பெறும் ஊதியம். இழிவுப் பொருள் அச்சொல்லின் அடிப்படையில் இல்லை. ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொல் ஒரு மக்களினத்தின் பெயராகவே வழங்கி வசையாயிற்று. அவ்வாங்கிலச் சொல்லின் பிறப்புப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழ்க் கூலியின் தொடர்பு அதற்குண்டு என்பது ஒரு சாரார் கொள்கை. எவ்வாறாயினும், ஆங்கிலப் பத்தியில் கூலி என அழைப்பதை எதிர்த்து எழுத வேண்டியிருந்த ஆசிரியர், தமிழ்ப் பத்தியில் கூலி உயர்வு கேட்டு எழுத வேண்டியிருந்தார். இரண்டையும் ஒருவரே எழுதினார் எனின், ஒரு சொல்லை இடக்கையால் விலக்கி வலக்கையால் ஏந்தினார் எனலாம்.

சாமி என்பது இதனினும் நுட்பமானது. முனுசாமி, நாராயணசாமி எனத் தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் இச்சொல் தலைவன், இறைவன் என்னும் பொருளுடையது. நேட்டால் வெள்ளையர் தமிழர் அனைவரையும் சாமி என்றே விளித்தனர். விளியில் இகழ்ச்சி இருந்தது. காந்தியடிகள் தம் வரலாற்று நூலில் இதனை விளக்கி, அச்சொல்லின் பொருள் தலைவன் என்பதை அவ்வாறு விளிப்போரிடம் சில இந்தியர் எடுத்துரைத்ததையும் எழுதியுள்ளார். ஆங்கிலப் பத்தியில் இது விளக்கப்பட வேண்டிய செய்தி. தமிழ்ப் பத்தியில் விளக்கமே வேண்டாத செய்தி. விளக்கம் வேண்டும் இடமும் வேண்டா இடமும் வேறுபடுவதே இருமொழி இதழின் உண்மையான இலக்கணம்.

இலங்கையில்: இரு மொழி, இரு தாள்

இலங்கை மலையகத்தில் இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்தவர் தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற கோ. நடேசய்யர். அவர் ஒரே தாளில் இரு மொழியை வைக்கவில்லை. தேசநேசன், தேசபக்தன் எனத் தமிழிலும், சிட்டிசன், பார்வர்டு என ஆங்கிலத்திலும் 1920களில் வெவ்வேறு இதழ்களை நடத்தினார். தோட்டத்துரையும் சட்டமன்றத்தாரும் படிக்கவேண்டியது ஒரு தாளில். கங்காணிக்குத் தெரியாமல் லயத்திற்குள் போய்ச்சேர வேண்டியது இன்னொரு தாளில். இருமொழி என்பதை இரு வாசகர் என்று பிரித்தறிந்த முதல் தமிழ் இதழாசிரியருள் அவரும் ஒருவர் எனக் கருதலாம்.

இலங்கை ஆட்சி ஆவணங்களில் தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தினுள் புகுந்து அதிகாரச் சொற்களாயின என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. கங்காணி என்றால் மேற்பார்ப்பவன். துண்டு என்றால் சிறு தாள். ஆனால் தோட்ட வழக்கில் அது கடனைச் செலுத்தினால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதித் தரும் சீட்டு. அத்துண்டைக் கொண்டே கங்காணி தன் ஆட்களை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினான். 1921இல் சட்டத்தால் அது ஒழிக்கப்பட்டது. துண்டுமுறை ஒழிப்பை ஆங்கில இதழில் தொழிற்சட்டமாக எழுதலாம்; தமிழில் எழுதும்போது, யாருக்கு எவ்வளவு கடன் என்னும் கணக்கு எங்கே போயிற்று என்று தொழிலாளி கேட்கும் வினாவிற்கு விடை கூறியாக வேண்டும்.

தமிழ்த் தாளும் படிக்கத் தெரியாதவரிடம் செல்லாது. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டந்தோறும் சென்று கூட்டங்களில் பாடினார். அப்பாடல்கள் 1940இல் சிறு நூலாகவும் அச்சாயின. மக்கள் அறிந்த மெட்டில் அரசியலை ஏற்றிப் பாடிய அவர் பணி இலக்கிய வரலாற்றில் ஒரு வரிக்குமேல் இடம்பெறுவதில்லை. தேசபக்தனின் ஒலிவடிவமே அது எனக் கொள்வது தகும்.

இதற்கு மறுதலையான நிலையைச் சி. வி. வேலுப்பிள்ளையிடம் காணலாம். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து நாடாளுமன்ற உறுப்பினரான அவர் தோட்ட மக்களின் துயரை 1954இல் ஆங்கிலத்தில் நெடும்பாடலாக எழுதினார். சக்தி பாலையா அதனைத் தேயிலைத் தோட்டத்திலே எனத் தமிழில் தந்தது 1969இல். பாடப்பட்டவர்க்கு அப்பாடல் போய்ச்சேரப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. உலகறியச் செய்ய ஆங்கிலம் வேண்டும் என்னும் வாதம் பொய்யன்று; அந்தப் பதினைந்து ஆண்டுகளும் பொய்யல்ல. அம்மக்களின் பாடல்களைத் தொகுத்துத் தமிழிலேயே அவர் பின்னர் வெளியிட்டமை இக்குறையை அவரே உணர்ந்திருந்தார் என எண்ண இடந்தருகின்றது.

ஒப்புநோக்கு: எயிட்டி

கரும்புத் தோட்டத்தால் உருவான மற்றொரு நாடாகிய எயிட்டியில் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. 1804இல் விடுதலை பெற்ற அந்நாட்டில் ஆட்சிமொழி பிரெஞ்சு. அனைவரும் பேசுவது கிரியோல். 1987ஆம் ஆண்டு அரசமைப்பே கிரியோலைப் பிரெஞ்சுக்கு இணையான ஆட்சிமொழியாக்கியது. துவாலியே ஆட்சியில் நாடு துறந்தோர் 1971இல் நியூயார்க்கில் எயிட்டி ஒப்சர்வேத்தர் என்னும் இதழைத் தொடங்கினர். பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல் ஆகிய மூன்றும் அதில் இடம்பெற்றன. ஆனால் எழுத்தறியாதாரைத் தொட்டது இதழன்று, வானொலியே. ழான் தொமினிக் தம் எயிட்டி இன்டர் வானொலியில் கிரியோலில் செய்தி கூறத் தொடங்கியதும் உழவர் கேட்டனர். 1980இல் ஆட்சியாளர் அந்நிலையத்தை மூடினர். நாடு கடந்து சென்று 1986இல் மீண்ட அவர் 2000 ஏப்ரல் 3ஆம் நாள் தம் நிலைய முற்றத்திலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அதிகாரத்தை அச்சுறுத்தியது ஆட்சிமொழியிலான முறையீடு அன்று என்பதற்கு இஃதொரு சான்று.

ஒன்பது மாவட்டங்கள் கொண்ட அந்நாட்டில் கடல் கடந்தோரைப் பத்தாவது மாவட்டம் என அழைக்கும் வழக்கு 1990களில் பரவியது. பெயரளவிலாயினும் வெளியே சென்றவர்க்கு நாட்டுப்படத்தில் ஓர் இடம் தரப்பட்டது. 2003இல் நிலப்பகுதியிலேயே பத்தாவது மாவட்டம் ஒன்று அமைக்கப்பட்டபின் அவ்வழக்கு தன் எண்ணை இழந்தது.

அந்தமானும் தாயகம் என்னும் சொல்லும்

அந்தமான் நிகோபாரில் இருமொழி என்பதன் பொருளே மாறிவிடுகின்றது. அங்கே தமிழின் இணைமொழி ஆங்கிலமன்று, இந்தி. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அத்தீவுகளின் 3,80,581 மக்களுள் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் 15.2 விழுக்காட்டினர், வங்காளிகளுக்கும் இந்தி மொழியினர்க்கும் அடுத்த நிலை. பல மொழியினர் கலந்து வாழும் அங்கு இந்தியே சந்தையிலும் துறைமுகத்திலும் பொதுமொழி. அரசின் நாளேடுகள் ஆங்கிலத்தில் டெய்லி டெலிகிராம்ஸ், இந்தியில் துவீப் சமாச்சார் என அமைந்தன. தமிழ் ஒலித்தது போர்ட் பிளேர் வானொலியில். 2024இல் அந்நகரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது.

குட்வில் எஸ்டேட் என்னும் ஊர்ப்பெயரைத் தீவுகளின் ஊர்வரிசையில் காணும் தமிழர்க்கு எஸ்டேட் என்னும் ஈறு அயலானதன்று. நீலகிரியிலும் மலாயாவிலும் அதுவே வழக்கு. இலங்கையில் தோட்டம் என்பர். சொல்லோடு தொழிலும் மக்களும் இடம்பெயர்ந்தமைக்கு நிகோபாரின் கச்சால் தீவு சான்று. அங்குள்ள ரப்பர்த் தோட்டத்தில் இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர் குடியேற்றப்பட்டனர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். வந்தோரில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் கேரளத்திற்கும் கர்நாடகத்திற்கும், மிகச் சிலர் கச்சாலுக்கும் சென்றனர். 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் கச்சால் பெரும் அழிவுக்குள்ளாயிற்று.

இம்மக்களுக்கு ஆங்கில ஆவணம் தந்த சொல் நாடு திருப்பி அனுப்பப்பட்டோர் என்னும் பொருளது. அனுப்பியவர் ஒருவர், அனுப்பப்பட்டவர் ஒருவர் என்னும் உண்மையையேனும் அது மறைக்கவில்லை. தமிழில் அது தாயகம் திரும்பியோர் என்றாயிற்று. செயப்பாட்டுவினை தன்வினையாக மாறியது, அரசுகள் மறைந்தன, தாமே விரும்பித் திரும்பியவர் என்னும் தோற்றம் எஞ்சியது. தாயகம் என்னும் சொல்லின் இனிமை இம்மாற்றத்தைக் கேள்விக்குள்ளாக்காமல் காத்தது. மொழிபெயர்ப்பில் கடுமை குறையும்போது உண்மையும் குறைவதுண்டு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு அரிது. நேட்டாலில் தமிழ்ப் பத்தி இல்லாமற்போனது ஒரு வகை இழப்பு. இங்கே தமிழ்ச் சொல் இருந்தும், அது ஆட்சியாளரின் கூற்றைச் சுமந்தது.

இரண்டு மூன்று தலைமுறையாக இலங்கையில் வாழ்ந்தவர்க்குத் திரும்புதல் என்பது எங்கிருந்து எங்கே என்னும் வினா எழுவதியல்பு. கச்சாலில் ரப்பர்ப் பால் வெட்டியவர் பிறந்த ஊரைக் கேட்டால் மாத்தளை என்றோ பதுளை என்றோ கூறுவார், பூர்வீகம் கேட்டால் பாட்டனார் சொல்லக் கேட்ட தமிழ்நாட்டுச் சிற்றூரைக் கூறுவார், குடியிருப்பு நிகோபார். அரசு தந்த சான்றிதழில் இம்மூன்றனுள் எதுவும் தாயகம் எனக் குறிக்கப்படுவதில்லை. திரும்பியவர் என்னும் குறிப்பு மட்டும் இருக்கும்.